பெண்களின் சிவப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
11.11.2024

அன்புத் தம்பி சோலைராஜுக்கு அக்கா முனீஸ்வரி எழுதுவது. நானும் மாமாவும் அத்தையும் சுகம். அங்கே உன் உடம்பு, குளிர், சாப்பாடு எல்லாம் எப்படி என்று ஒளிக்காமல் எழுது.

நேற்று போனில் நீ கேட்டதற்கெல்லாம் "ம், ம்" என்றுதான் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் இருக்கிற டச் போன் மாமாவுடையது. நீ கூப்பிட்டால் தன் அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். "எம் மருமவ தம்பி சீமையில இருந்து பேசுதான்" என்று அத்தை பக்கத்து வீட்டையும் கூட்டி வந்து உட்கார வைக்கிறார். அத்தனை பேர் முன்னால் நான் என்னத்தைப் பேச? இனிமேல் இப்படித்தான். ராஜபாளையத்துக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் நோட்டில் எழுதி, ஜாஸ்மின் போனில் போட்டோ எடுத்து அனுப்புவேன். நீயும் காகிதத்தில் எழுதி அவள் நம்பருக்கே அனுப்பு. ஜாஸ்மின் எனக்குப் பக்கத்து மேஜை. பேண்டேஜ் துணி மடிப்பதில் என்னைவிட வேகம். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற ஆள் இல்லை.

உடம்பைக் கேட்டாய். மூன்று வருஷத்துக்கு முன் மதுரையில் என் நெஞ்சுக்குள் வைத்த வால்வு டிக் டிக் என்று நன்றாகவே ஓடுகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் கையில் கடிகாரத்தைத் தேடுகிறார்கள். ரத்தம் கட்டாமல் இருப்பதற்கான மாத்திரையைத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுவிடுகிறேன். மாத்திரை நின்றால் வால்வில் ரத்தம் கட்டும், அது தெறித்து மூளைக்குப் போனால் ஆள் காலி என்று டாக்டரம்மா சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. நீ ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்ல வேண்டாம்.

போன செக்கப்பில் அவரிடம் தனியாக ஒன்று கேட்டேன். இந்த மாத்திரை போடும்போது பிள்ளை தங்கினால் பிள்ளைக்கு ஆகாது என்றார். அந்த எண்ணம் இருந்தால் முதலில் எங்களிடம் வாம்மா, ஊசிக்கு மாற்றிப் பார்ப்போம், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து அதிகம், யோசித்துக்கொண்டு வா என்றார். யோசிக்கிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. அத்தை வாய் திறந்து ஒன்றும் கேட்பதில்லை. ஆடிப்பூரத் தேருக்கு வந்த அவர் தங்கை பேத்தியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அது கிடக்கட்டும். உன் படிப்பும் மொழி வகுப்பும் என்ன ஆயிற்று? தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே.

உன் அக்கா,
முனீஸ்வரி

*

தார்த்து, எஸ்தோனியா,
24.11.2024

என் அக்காவுக்கு வணக்கமும் அன்பும். மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல். நான் சுகம். குல்லா போடுகிறேன். போடாவிட்டால் காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர்.

மொழி வகுப்பு திங்களும் புதனும். இவர்கள் மொழியில் வேற்றுமை பதினான்காம். நம்முடைய எட்டையே பரீட்சையில் மாற்றி மாற்றி எழுதியவன் நான். மாரிட் என்று ஒரு டீச்சர். இந்தக் குளிர்காலத்தில் ஆளுக்கு ஒரு மூலிகைப் பெயரை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். சீட்டு எடுத்ததில் எனக்கு விழுந்தது நைஸ்தெபுனா.

நைஸ்தெ என்றால் பெண்களின். புனா என்றால் சிவப்பு. ஆனால் பூ என்னவோ நம் ஆவாரம்பூ மாதிரி மஞ்சள்தான். மொட்டைக் கிள்ளி விரலில் தேய்த்தால் சிவப்பாகச் சாறு வருமாம். ஆடு மாடு மேயும் இடத்திலெல்லாம் தானாக முளைக்கிறது. அந்தக் காலத்தில் இந்த ஊர்ப் பெண்கள் இதைத்தான் கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறார்கள். மாதாமாதம் வருகிற தொந்தரவு, வயிற்றுக் கோளாறு எல்லாவற்றுக்கும் இதுதான். பிள்ளை இல்லாதவர்களுக்கும் இதைக் கொடுத்துப் பலித்திருக்கிறதாம். அதனால்தான் பெண்களின் சிவப்பு என்று பெயர் வந்தது. பேரிலேயே மருந்து இருக்கிறது பார்.

என்னோடு இங்கே படிக்கிற பெலிக்ஸ் கிறிஸ்துமஸுக்கு ராஜபாளையம் வருகிறான். அவனிடம் மாமாவுக்கும் அத்தைக்கும் சாக்லேட்டும், உனக்கு இந்தச் செடியைக் காயவைத்த பொட்டலம் ஒன்றும் கொடுத்துவிடுகிறேன். மருந்துக் கடையிலேயே விற்கிறார்கள். சும்மா முகர்ந்து பார், வைக்கோலும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசனை. தம்பி இருக்கிற ஊர் வாசனை இப்படித்தான் என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
சோலைராஜ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
27.12.2024

தம்பி நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். மார்கழியானதால் விடிகாலை நாலரைக்கே கோவில் ரேடியோ எழுப்பிவிடுகிறது. கோலம் போட்டுவிட்டு ராஜபாளையம் பஸ் பிடிக்கிறேன்.

பெலிக்ஸ் கம்பெனி வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனான். உன்னைவிட நிறம் வைத்திருக்கிறான். நீ மட்டும் ஏன் அங்கே போயும் கறுப்பாகவே இருக்கிறாய் என்று தெரியவில்லை. சாக்லேட்டை மாமா இரண்டு நாளில் முடித்துவிட்டார். உன் பொட்டலத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. கம்பெனியில் என் பைக்குள்தான் இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். நீ சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அந்த ஊர்ப் பெண்கள் இதை வெறும் வயிற்றில் குடித்தார்களா, சாப்பிட்ட பிறகா? ஒரு தம்ளர் தண்ணீருக்கு எவ்வளவு போட வேண்டும்? எத்தனை நாள்? பத்தியம் என்ன? ஜாஸ்மினின் சித்தி மகள் ஒருத்திக்கு ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லை. அவளுக்குச் சொல்லலாமே என்றுதான்.

மறக்காமல் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

தார்த்து,
5.1.2025

அக்காவுக்குப் புத்தாண்டு வாழ்த்து. இங்கே முழங்கால் வரை பனி. ஆள் மட்டும் குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கிறேன்.

உன் கேள்விகளைப் படித்துச் சிரித்து முடியவில்லை. எஸ்தோனியாக்காரியிடம் போய்ப் பத்தியம் என்ன என்று கேட்கச் சொல்கிறாய். சரி, நம் சேத்தூர் நாட்டு வைத்தியரே நேரில் வந்து சொல்கிறார் என்று நினைத்துக் கேட்டுக்கொள்ளச் சொல் அந்தப் பெண்ணை. ஒரு தம்ளர் கொதிக்கிற தண்ணீருக்கு இரண்டு சிட்டிகை, வெறும் வயிறு, சூரியன் உதிக்குமுன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். புளி ஆகாது, கருவாடு ஆகாது, அகத்திக்கீரை ஆகாது, மாமியாரை முறைத்துப் பார்த்தல் ஆகாது. பாதியில் முறித்தால் மருந்து திருப்பி அடிக்கும். மற்றதெல்லாம் நாட்டு மருந்துக்கு உள்ளதுதான். தட்சிணையாக வெற்றிலை பாக்கு மட்டும் வைத்தியருக்கு அனுப்பிவிடச் சொல்.

வகுப்பில் என் முறை அடுத்த மாத ஆரம்பத்தில். அதற்குள் நாக்கு உடைந்துவிடும்.

அன்புத் தம்பி,
சோலை

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
28.1.2025

தம்பி சோலைக்கு ஆசீர்வாதம். பொங்கல் நன்றாக நடந்தது. மாமாவுக்கு வண்டி லோடு நிறைய. அத்தைக்கு முட்டுவலி மட்டும். நான் நன்றாக இருக்கிறேன், முன்பைவிட நன்றாகவே இருக்கிறேன்.

உண்மையாகத்தான் சொல்கிறேன். தை ஒன்றாம் தேதியிலிருந்து மனசுக்கு ஒரு தெம்பு. அத்தை கருவாட்டுக் குழம்பு வைத்தார், நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். "ஏட்டி, ஒனக்கு என்ன வந்துச்சு, கருவாடுன்னா சட்டியையும் சேத்து முழுங்குவ?" என்று கேட்டார். செண்பகத்தோப்புப் பேச்சியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சாமி பேரைச் சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை.

இன்னொரு அதிசயம். நெஞ்சுக்குள் அந்த டிக் டிக் சத்தம் இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை. மூன்று வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டேதான் படுப்பேன். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன். உடம்பு வால்வுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

இந்த மாத ரத்த டெஸ்டுக்குப் போகவில்லை. கம்பெனியில் ஏற்றுமதி வேலை. அடுத்த மாதம் சேர்த்துப் போய்க்கொள்ளலாம். நீ வகுப்பில் பயப்படாமல் பேசு.

அக்கா

*

தார்த்து,
3.2.2025

அக்கா, நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

இன்று வகுப்பில் பேசினேன். நைஸ்தெபுனா, பெண்களின் சிவப்பு, பெண்களின் மருந்து என்று நான் உனக்கு எழுதியதையே சொன்னேன். மாரிட் டீச்சர் தலையை ஆட்டவில்லை. அந்தச் சிவப்பு மருந்துதான் என்று யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது, முன்னொரு காலத்தில் நூலுக்குச் சாயம் ஏற்ற இந்தச் செடியைப் பயன்படுத்தினார்கள், சாயம் போட்டதெல்லாம் பெண்கள், பெயர் அங்கிருந்தும் வந்திருக்கலாம் என்றார். பெண்களின் நோய்க்குக் கொடுத்ததால் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டாம். பிள்ளை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று எங்கே படித்தாய் என்று கேட்டார்.

எங்கேயும் படிக்கவில்லை அக்கா. உன் நவம்பர் கடிதத்தைப் படித்த கையோடு எழுதினேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நானாகச் சேர்த்த வரி அது.

அதோடு முடியவில்லை. வகுப்பில் ஒக்சானா என்று ஒரு பெண். உக்ரைனில் மருந்துக் கடை நடத்தியவள். இடைவேளையில் என்னிடம் வந்து, இந்தச் செடியைக் கஷாயமாகக் குடிக்கிறவர்கள் வேறு மாத்திரை போடுகிறார்களா என்று பார்த்துக்கொள், பல மாத்திரைகளின் வேலையை இது கெடுத்துவிடும், முக்கியமாக ரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரையை என்றாள். வகுப்பு முடியுமுன்பே மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரம்மாவும் அதையேதான் சொன்னார்.

நீ அதைக் குடித்தாயா? ஜாஸ்மின் சித்தி மகள் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். குடித்தாயா இல்லையா என்று மட்டும் ஒரு வரி எழுது. மிச்சம் இருப்பதைக் குப்பையில் கொட்டு. நாளைக்கே ரத்த டெஸ்டுக்குப் போ.

சோலை

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
11.2.2025

அன்புத் தம்பிக்கு. எல்லோரும் நலம். பதில் எழுத எட்டு நாள் ஆகிவிட்டது. ஜாஸ்மின் போனில் நீ அனுப்பிய அன்றே படித்துவிட்டேன்.

அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன். மாத்திரையோடு சேர்த்து அந்தக் கஷாயத்தை நான் ஒரு நாள்கூடக் குடிக்கவில்லை. எனக்குத் தெரியாதா? நீ பிறந்தபோது உன்னை இடுப்பில் தூக்கியவள் நான். எது எதோடு சேரும், சேராது என்று நீ சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்? பயப்படாமல் உன் வேலையைப் பார்.

இரண்டு நாளாகப் பஸ் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பனிக்காலம்தானே. மாசி பதினெட்டு கழியட்டும், உனக்கு ஒரு சேதி சொல்கிறேன். அதுவரைக்கும் ஒன்றும் கேட்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. குல்லா போடு.

அக்கா

*

தார்த்து,
12.2.2025

ஜாஸ்மின் அக்காவுக்கு வணக்கம். இந்தக் கடிதம் உங்களுக்கு. நீங்கள் அடுத்தவர் கடிதத்தைப் படிக்காதவர் என்று எனக்குத் தெரியும். இதை மட்டும் முனீஸ்வரி அக்காவிடம் காட்டுமுன் தயவுசெய்து படியுங்கள். நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கவில்லை என்று நேற்று அக்கா எழுதினாள். அதைப் படித்துவிட்டு அப்பாடா என்று படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பல் தேய்க்கும்போதுதான் மாசி பதினெட்டு என்ன கணக்கு என்று விரல் விட்டு எண்ணினேன். தை ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டாவது நாள். அவள் மண்டலம் இருக்கிறாள். கஷாயம் குடிக்கிறாள். மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்று அர்த்தம். நாட்டு மருந்து சாப்பிடும்போது இங்கிலீஷ் மாத்திரை தொடக்கூடாது என்று நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மற்றதெல்லாம் நாட்டு மருந்துக்கு உள்ளதுதான் என்று வேடிக்கையாக எழுதியவன் நான்தான்.

மாமாவைக் கூப்பிட்டேன். கொல்லத்துக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். "மாத்திரை அட்டை தெனமும் கொறஞ்சுக்கிட்டுத்தான வருது மாப்ள, நான் பாக்கேன்ல. நீ சும்மா கெடந்து பயப்படுத" என்று சிரிக்கிறார். அக்கா தினமும் ஒன்றைப் பிதுக்கி எடுத்து எங்கேயோ போட்டுவிடுகிறாள் போல. போன வாரம் அவளிடம் போனில் கேட்டபோதும் ஸ்பீக்கரில் "நல்லாத்தான் இருக்கேன்ல, சாப்புட்டியா?" என்றாள்.

அவள் நெஞ்சில் வால்வுச் சத்தம் குறைந்துவிட்டதாக இரண்டு வாரம் முன்னால் சந்தோஷமாக எழுதினாள். இன்று காலை ஒக்சானாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தச் சத்தம் அமுங்கினால் வால்வில் ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே என்றாள்.

நீங்கள் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேளுங்கள். டிக் டிக் என்று தெளிவாகக் கேட்காவிட்டால், அவள் என்ன சொன்னாலும், அழுதாலும், திட்டினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எனக்கு வேறு யாரும் இல்லை. அவள்தான் இருக்கிறாள்.

உங்கள் தம்பி மாதிரி,
சோலைராஜ்

*

மதுரை,
14.2.2025

தம்பி சோலைராஜுக்கு ஜாஸ்மின் எழுதுவது. கர்த்தர் உங்களோடு இருப்பாராக. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை முந்தாநாள் பன்னிரண்டரை மணிக்குப் படித்தேன். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை காத்திருக்கவில்லை. துணி மூட்டை அடுக்கியிருக்கிற இடத்துக்குப் பின்னால் அவளைக் கூட்டிப் போனேன். "ஏட்டி, செத்த நேரம் அசையாம நில்லு" என்று நெஞ்சில் காதை வைத்தேன். முன்னெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தே எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். அன்றைக்குத் தலையணைக்கடியில் வைத்த கடிகாரம் மாதிரி எங்கேயோ கேட்டது.

"மாத்திரைய என்னட்டி செஞ்ச?" என்று கேட்டேன். சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டினாள். பேண்டேஜ் துணித் துண்டில் முடிந்து வைத்திருந்தாள். இருபத்தொன்பது மாத்திரை. "மருந்தக் குப்பையில போடக் கூடாதுல்ல, அதான் வச்சிருக்கேன்" என்றாள். வா ஆஸ்பத்திரிக்கு என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். "இன்னும் பதினெட்டு நாளு என்னைய விட்டுரு ஜாஸ்மின். பாதியில முறிச்சா திருப்பி அடிக்கும்னு எந் தம்பியே எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு மேஜைக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்த கை அப்படியே தொங்கிவிட்டது. கத்தரிக்கோல் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்க்கிறாள், கை வரவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் ஒரு பக்கமாக இழுத்ததில் வார்த்தை புரியவில்லை.

கம்பெனி வண்டியிலேயே ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து 108-ல் மதுரைக்கு வந்தோம். வழியெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே ஜெபம் பண்ணினேன். டாக்டரம்மா ரத்தக் கட்டைக் கரைக்கிற மருந்து ஏற்றினார். ஏற்றினாலும் ஆபத்து, ஏற்றாவிட்டாலும் ஆபத்து என்று கையெழுத்துக் கேட்டார். அதற்குள் அவள் வீட்டுக்காரர் கொல்லத்திலிருந்து நேராக வந்துவிட்டார். கையெழுத்துப் போட அவருக்கு மூன்று பேனா தேவைப்பட்டது, எதைப் பிடித்தாலும் கீழே போட்டார்.

நேற்று சாயங்காலம் சத்தம் திரும்ப வந்தது. நர்ஸ் என்னைக் கேட்க விட்டார். வாய் நேராகிவிட்டது. வலது கை கொஞ்சம் அசைகிறது. இன்னொன்றும் இருக்கிறது தம்பி. அது அவள் சொல்ல வேண்டியது, நான் எழுதமாட்டேன்.

ஜாஸ்மின்

*

தார்த்து,
19.2.2025

அக்காவுக்கு. எழுந்து உட்காருகிறாய், கஞ்சி குடிக்கிறாய் என்று மாமா சொன்னார். இதை ஜாஸ்மின் அக்கா உனக்குப் படித்துக் காட்டுவார்.

வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். இங்கே தங்குவதற்கான கார்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், இப்போது வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள். போனால் போகிறது என்றுதான் இருந்தேன். "நீ வந்து என்ன செய்யப் போற, அவ எந்திரிச்சு ஏன்ல படிப்ப விட்டுட்டு வந்தன்னு ஒன்னயத்தான் வைவா" என்று மாமா தடுத்துவிட்டார்.

இந்த ஏழு நாளும் எனக்கு எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. சமையலறையில் தட்டுக் கழுவும்போது போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருந்தது. எடுக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது. அம்மா செத்தபோதுகூட எனக்கு இப்படி இல்லை. அப்போது நீ பக்கத்தில் இருந்தாய்.

பாதியில் முறித்தால் திருப்பி அடிக்கும் என்பது நான் விளையாட்டுக்கு எழுதியது. மண்டலம், வெறும் வயிறு, கருவாடு எல்லாமே என் வாய்க்கொழுப்பு. அந்தச் செடிக்கு இந்த ஊரில் பத்தியமே கிடையாது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று இவர்களுக்கே முழுசாகத் தெரியாது. தெரியாத ஒன்றை நான் உனக்குத் தெரிந்த மாதிரி எழுதினேன். என்னைத் திட்டு. நாலு பக்கம் திட்டி எழுது. ஆனால் மாத்திரையை மட்டும் போடு.

சோலை

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
10.3.2025

அன்புத் தம்பி சோலைராஜுக்கு அக்கா முனீஸ்வரி எழுதுவது. வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. மாமா, அத்தை எல்லோரும் சுகம். எழுத்து கோணலாக இருக்கும். பேனாவை இப்போதுதான் பிடிக்க வருகிறது. இந்த ஒரு கடிதத்தை எழுத மூன்று நாள் ஆனது.

உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை. நீ கொடுத்துவிட்ட மருந்து நல்ல மருந்து.

மாசி பதினெட்டில் ஒரு சேதி சொல்கிறேன் என்றேன். அந்தச் சேதி இதுதான். எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. உனக்குக் கடிதம் எழுதிய அன்றைக்கு நாலு நாள். எனக்கு ஒரு நாளும் தள்ளாது தம்பி, ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை. அதனால்தான் ஜாஸ்மினிடம் அப்படிக் கெஞ்சினேன். மதுரையில் ரத்தம் எடுத்தவுடன் டாக்டரம்மாவே சொன்னார், ஆமாம் தங்கியிருக்கிறது என்று. மூளை குழம்பிக் கிடந்த அந்த நேரத்திலும் அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பிறகு கட்டைக் கரைக்கிற மருந்தை ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டது. ஏற்றிய மருந்தாலும் இருக்கும், தானாகவும் போயிருக்கும், முதல் மாதத்தில் இப்படி நிறையப் பேருக்கு நடக்கிறது என்று டாக்டரம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். நல்ல மனுஷி. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நீ என்னைக் காப்பாற்றினாய் என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன். நீ ஜாஸ்மினுக்கு எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அவள்தான் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து அழுதேன். அழுது முடித்த பிறகு, இவன் ஒரு பதினெட்டு நாள் கழித்து எழுதியிருக்கக் கூடாதா என்றும் நினைத்தேன். இதை உன்னிடம் சொல்லக் கூடாதுதான். ஆனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பாதியில் முறித்தால் திருப்பி அடிக்கும் என்பதை விளையாட்டுக்கு எழுதினேன் என்கிறாய். விளையாட்டுக்கு எழுதினாலும் அது நடந்ததா இல்லையா? உன் டீச்சரம்மாவிடம் போய்ச் சொல். சாயமும் இல்லை, நூலும் இல்லை. அந்தப் பெயருக்கு நீ முதலில் எழுதியதுதான் அர்த்தம். எனக்கு முப்பதாவது நாளே பலித்தது.

மாத்திரையை இப்போது தினமும் போடுகிறேன். ஆறு மணிக்கு அத்தை எதிரே நின்று "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார். கை சரியாக ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். ஆகட்டும். எனக்கு இன்னும் முப்பத்திமூன்று வயசுதான்.

நீ இனிமேல் எனக்கு அந்தப் பொட்டலத்தை அனுப்பமாட்டாய் என்று தெரியும். அதற்காக வருத்தப்படாதே. பொட்டலத்தின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து மாமா போனில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன், அதே செடியை விற்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். நாலு நாளில் வந்துவிடுமாம்.

அங்கே பனி விட்டதா? நேரத்துக்குச் சாப்பிடு. என்னை நினைத்துப் பயந்துகொண்டே இருக்காதே.

உன் அக்கா,
முனீஸ்வரி